உள்ளமும் உடலும் உறவும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். தேர்ச்சி பெற்றோர் எத்தனை பேர், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப்பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி மகிழ்வதும் முறையே. அக்கணக்கை நம் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் செம்மையாகத் தந்துவிட்டார். ஆகவே நாம் வேறொரு கணக்கைப் பற்றிப் பேச விழைகின்றோம். அது எந்த ஏட்டிலும் ஏறாத கணக்கு. நன்கு படித்துக்கொண்டிருந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் திடுமென நின்றது ஏன்? கல்லூரி விடுதிக்குச் சென்ற இளைஞன் ஒரே பருவத்தில் ஊர் திரும்பி, எவரோடும் பேசாமல் முடங்கிக் கிடப்பது ஏன்? நாற்பது வயதிலேயே குடிக்கு இரையான தந்தையும், ஆண்டுக்கணக்கில் தலைவலி மாத்திரை விழுங்கும் தாயும் நம் தெருக்களில் இத்தனை பேர் இருப்பது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் முயற்சியே இவ்வுரை.

நாம் மருத்துவர் அல்லோம், பள்ளியாசிரியர். ஆயினும் பிள்ளைகள் புத்தகப்பையை மட்டும் சுமந்துகொண்டு பள்ளிக்கு வருவதில்லை என்பதை ஆசிரியரைப் போல் அறிந்தவர் வேறு யார்? நொந்த மனத்தில் எழுத்து ஏறாது. எனவே மனநலம் என்பது மருத்துவமனையின் பொருள் மட்டுமன்று. கல்விச் சங்கத்தின் பொருளும் ஆகும்.

நம் மொழி அறிந்த உண்மை

உள்ளம் வேறு, உடல் வேறு என்று பிரித்துப் பார்ப்பது படித்தவர்களின் பழக்கம். நம் பாட்டிமார் அவ்வாறு பிரித்ததில்லை. பொறாமையை வயிற்றெரிச்சல் என்றார்கள்; அச்சத்தை ஈரக்குலை நடுக்கம் என்றார்கள்; பெண்ணைப் பெற்றவளின் கவலையை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். துக்கம் தொண்டையை அடைத்தது. அவமானத்தில் உடம்பு கூசியது. நல்ல செய்தி கேட்டு நெஞ்சு குளிர்ந்தது. இவை வெறும் அணியழகுக்காகச் சொன்னவை அல்ல. உடலில் நிகழ்வதை உள்ளபடி சொன்னவை.

நெசவு ஊரில் வாழும் நமக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காஞ்சிப்பட்டில் கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் ஊடை வெவ்வேறு, நாடா வெவ்வேறு. ஆயினும் ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் கோத்து நெய்வதால், சேலை நைந்தாலும் கரை தனியே பிரியாது என்பார்கள். உள்ளமும் உடலும் அவ்வாறு கோர்வையாக நெய்யப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்றொன்று அசையும்.

உடல் செய்யும் வேலை

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் நேரும் மாற்றங்களை விளக்கினார். ஆபத்தை உணர்ந்தவுடன் சிறுநீரகத்தின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரீனலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது; மூச்சு மேலெழுகின்றது; தசைகள் முறுக்கேறுகின்றன; வயிற்றின் செரிமானம் தடைப்படுகின்றது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்கின்றது. பாம்பைக் கண்டவனுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. பாம்பு போய்விட்டால் உடலும் தணிந்துவிடும்.

ஆனால் பாம்பு போகாவிட்டால்? முன்பணக் கடன் தீராத நெசவாளிக்கும், ஒவ்வொரு நாளும் இழிசொல் கேட்டுத் தலைகுனிந்து நடக்க வேண்டிய பிள்ளைக்கும் ஆபத்து என்பது ஒரு கணத்து நிகழ்ச்சி அன்று, நாள்தோறும் நிகழ்வது. அவர்கள் எதிர்த்து நிற்கவும் இயலாது, ஓடவும் இயலாது. முறுக்கேறிய தசை முறுக்கேறியபடியே நிற்கின்றது. அதுவே தோள்வலியாக, தலைவலியாக, வயிற்றுக்கோளாறாக, உறக்கமின்மையாக வெளிப்படுகின்றது. குழித்தறியில் கால்களை இறக்கி நாள் முழுதும் முதுகை வளைத்து உழைப்பவனுக்கு முதுகுவலி தொழிலால் வருவது. அதனோடு கடன்கவலையும் சேர்ந்தால் அவ்வலி இருமடங்காகின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலியெல்லாம் மனத்தால் வந்தது என்று எண்ணிவிடக்கூடாது. நெஞ்சுவலிக்கும் ஓயாத தலைவலிக்கும் முதலில் அரசு மருத்துவமனையில் காட்டி ஆய்வு செய்துகொள்வதே அறிவுடைமை. உடலில் குறையொன்றும் இல்லை என்று மருத்துவர் கூறிய பின்னும் வலி நீங்கவில்லையெனில், 'நடிக்கின்றான்' என்று ஏசுவது கொடுமை. அவன் வலி மெய்யானது. அதன் வேர் மட்டுமே வேறிடத்தில் உள்ளது.

அவமானம் என்னும் காயம்

வறுமை தரும் துன்பத்தை அனைவரும் அறிவர். அவமானம் தரும் துன்பத்தைப் பட்டவரே அறிவர். டாக்டர் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது செங்கல்லால் கட்டிய சுவரன்று, அது மனத்தில் குடிகொண்ட எண்ணம் என்னும் கருத்தை எடுத்துரைத்தார். சாதியை விதிப்பவனின் மனத்தை நோக்கிச் சொன்ன கருத்து அது. அவ்வெண்ணம் சாதியால் மிதிக்கப்பட்டவனின் மனத்திலும் உடலிலும் எவ்வாறு பதிகின்றது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கணவன் மனைவியர், சிறு பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று வினவினர். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றனர். தம்மைப் போன்ற பொம்மையைத் தாமே ஒதுக்கினர். 1954ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது இவ்வாய்வும் சுட்டப்பெற்றது. பிள்ளையின் நெஞ்சில் தன்னைப்பற்றிய இழிவெண்ணம் குடிபுகுந்துவிட்டால், நாம் தரும் நோட்டுப் புத்தகமும் கல்வி உதவித்தொகையும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 சனவரியில் உயிர்நீத்தது நாட்டையே உலுக்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் உடன்பயின்றோராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் தமிழக அரசு நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024ஆம் ஆண்டில் அரசிடம் அளிக்கப்பெற்றது. உடலில் விழுந்த வெட்டுக்குத் தையல் போட மருத்துவர் உளர். கண்ணுக்குத் தெரியாத வெட்டுக்கு யார் தையல் போடுவது?

உறவே மருந்து

உளச்சிகிச்சை என்றவுடன் மாத்திரையும் ஊசியும் மின்னதிர்ச்சியும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. கடுமையான மனநோய்க்கு மருந்து இன்றியமையாதது. அதனை மருத்துவரின் சொற்படி விடாமல் உட்கொள்ளுதல் வேண்டும். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மனத்துயரின் பெரும்பகுதிக்கு முதன்மையான மருந்து மற்றொரு மனிதனே ஆவான்.

அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1957ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், சிகிச்சையால் ஒருவர் மாறுவதற்குத் தேவையானவற்றை வகுத்துரைத்தார். அவற்றுள் மூன்று சிகிச்சை தருபவரைப் பொறுத்தவை. அவர் போலியின்றி உண்மையாக இருத்தல் வேண்டும். எதிரில் இருப்பவரை நிபந்தனையின்றி மதித்தல் வேண்டும். அவர் நிலையில் நின்று அவர் துயரை உணர்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் எத்தனை பட்டம் பெற்றவரானாலும் பயனில்லை. சிகிச்சை முறைகள் பலவாக இருப்பினும், சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே அமையும் உறவே குணம் பெறுவதற்குப் பெருந்துணையாகின்றது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதி செய்துள்ளன.

ரோஜர்சுடன் சிகாகோவில் பணியாற்றிய யூஜின் ஜென்ட்லின் மற்றொன்றைக் கண்டறிந்தார். தம் துயரத்தை மளமளவென்று கோவையாகச் சொல்லுவோரைவிட, சற்றே நின்று, நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கின்றதே, அது என்ன என்று தம் உடலுக்குள் கவனித்துப் பார்த்துப் பேசுவோரே மிகுதியாகக் குணமடைந்தனர். உடலை உணர்ந்து பேசுவதே பயன் தந்தது. இவ்வாறு உறவையும் உடலையும் சேர்த்துக் கையாளும் முறைகள் கடந்த நூறாண்டில் பலவாக வளர்ந்துள்ளன. மூச்சை மெல்ல நீட்டி விடுதல், முறுக்கேறிய தோளைத் தளர்த்துதல், கால்கள் தரையில் ஊன்றியிருப்பதை உணர்தல் ஆகியவை அவற்றுள் எளியன. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றைத் தொட்டுச் செல்லும் நீண்ட நரம்பொன்று உண்டு. மூச்சை நிதானமாக வெளிவிடும்போது அந்நரம்பின் வழியே இதயத்துடிப்பு தணிகின்றது. தாய் மடியில் கிடத்தி முதுகைத் தட்ட, அழுத குழந்தை விம்மி விம்மி ஓய்வதும் இவ்வகையில் அடங்கும்.

இத்துறையில் போலிகளும் உண்டு. சிகிச்சையின் பெயரால் இசைவின்றித் தொடுபவரையும், தனியே வரச்சொல்லி வற்புறுத்துபவரையும், மருந்தை உடனே நிறுத்து என்பவரையும் நம் தாய்மார்கள் அருகில் சேர்க்கலாகாது.

நம் அண்டையில் பூத்தவை

இவையெல்லாம் மேனாட்டார் கண்டவை, நமக்கு ஆகுமோ என்று ஐயுறுவோர்க்கு விடை நம் அண்டையிலேயே உள்ளது. இங்கிருந்து மேற்கே 2 மணிநேரப் பயணத்தில் வேலூர். அங்கே பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை 1957ஆம் ஆண்டில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்னும் பெண் மருத்துவர் தொடங்கினார். நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் குடும்பத்தார் போய்விடும் வழக்கம் அங்கில்லை. உறவினர் ஒருவரேனும் உடன் தங்கவேண்டும் என்பதே முறை. சமைத்துத் தந்து, உடனிருந்து, நோயைப் பற்றிக் கற்று, பின் நோயாளியோடு வீடு திரும்புவார். பஞ்சாபில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர் 1950களிலேயே மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தார். இடநெருக்கடியால் பிறந்த அவ்வேற்பாடு புதிய வழியாக மலர்ந்தது. உறவு என்னும் மருந்தை இந்திய மருத்துவமனைகள் இவ்வாறு தாமே கண்டுகொண்டன.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1871ஆம் ஆண்டு முதல் அவ்விடத்தில் இயங்கி வருகின்றது. இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவராகிய டாக்டர் சாரதா மேனன் அதன் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டுகள் பணியாற்றினார். ஓய்வுபெற்ற பின் 1984ஆம் ஆண்டில் சென்னையில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ப்' அமைப்பை உருவாக்கினார். 98 வயது வாழ்ந்து 2021ஆம் ஆண்டில் மறைந்தார். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர் 1993ஆம் ஆண்டில் தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'பான்யன்' என்னும் இல்லத்தைத் தொடங்கினர். அன்று நம் காஞ்சி மாவட்டத்தைச் சேர்ந்ததும், 2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அமைந்துவிட்டதுமான கோவளத்தில் அவர்கள் ஊர் மக்களிடையே பணிசெய்தனர். குணம் பெற்றும் போக இடமற்ற பெண்கள் சிலர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் ஒரு குடும்பம் போல் வாழும் ஏற்பாட்டையும் அவர்கள் 2015 முதல் நடத்தி வருகின்றனர்.

உறவு அறுந்தால் நேர்வது என்ன என்பதற்கும் நம் மாநிலத்தில் துயரச் சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வழியறியாத ஏழைக் குடும்பத்தார். அவர்களுக்கு வழிகாட்ட ஊர்தோறும் ஒருவர் இருந்திருந்தால் அச்சங்கிலி பூட்டப்பட்டிருக்குமா?

யாவருக்குமான சிகிச்சை

மனநல சிகிச்சை இன்றும் பெரும்பாலும் நகரத்தின் குளிர்பதன அறைகளில், ஆங்கிலம் கலந்த பேச்சில், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி நடைபெறுகின்றது. நம் பிள்ளையொருவன் அங்கே சென்றாலும், அவன் பட்ட இழிவைச் சொல்லும்போது, 'அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, எல்லாம் உன் எண்ணம்' என்று சொல்லப்பட்டால், காயத்தின்மேல் காயம் படுகின்றது. சாதியை அறியாத சிகிச்சை நம்மவரின் நோயை அறியாத சிகிச்சை. மார்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர் பிரான்ஸ் பனோன், 1953ஆம் ஆண்டில் அல்சீரிய நாட்டின் பிளிடா மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றபோது இதனைக் கண்டார். ஐரோப்பியருக்கு ஏற்ற முறைகள் அங்கிருந்த அல்சீரிய ஆடவரிடம் பலிக்கவில்லை. அவர்கள் பழகிய காப்பிக்கடையையும், அவர்கள் திருநாட்களையும், கதைசொல்லிகளையும் மருத்துவமனைக்குள் கொண்டுவந்த பின்னரே அவர்கள் வாய்திறந்து பேசலாயினர்.

2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகின்றது. அதில் பால், மதம், சாதி, வகுப்பு முதலிய எவ்வித வேறுபாடும் கூடாது என்கின்றது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு தடுக்கின்றது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்கின்றது 115ஆம் பிரிவு. இம்மூன்றையும் நம் இளைஞர்கள் மனப்பாடமாக வைத்திருத்தல் வேண்டும்.

மருத்துவர் போதாத நாடுகள் என்ன செய்தன? ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்தார். சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு மரப்பலகை இருக்கை. அதில் பாட்டியும் துயருற்றவரும் அமர்ந்து பேசுவர். அவ்வூர் மொழியில் அந்நோய்க்குப் பெயர், 'அளவுக்கு மீறி யோசித்தல்' என்று பொருள்படும் சொல். நம் தாய்மாரும் 'யோசனை அதிகமாகிவிட்டது' என்றுதானே சொல்கின்றனர்! 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அப்பலகையில் அமர்ந்து பேசியவர்களின் துயர்க்குறிகள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களினும் குறைந்திருந்ததைக் காட்டியது. நம் நாட்டில் கோவாவின் 'சங்கத்' அமைப்பும், மருத்துவர் அல்லாத உள்ளூர் மக்களைப் பயிற்றுவித்து மனச்சோர்வு உற்றோருக்கு உதவ இயலும் என்பதை மெய்ப்பித்துள்ளது. அவர்களுக்குப் பலகை, நமக்குத் திண்ணை.

ஒப்பாரியும் அவமானமும்

நம் முன்னோர் உளச்சிகிச்சை அறியாதவர்கள் என்று எவரும் கருதவேண்டா. சாவு வீட்டில் நம் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து, உடல் அசைய, குரலெடுத்து ஒப்பாரி வைப்பதைப் பாருங்கள். அங்கே உறவு உண்டு, உடலசைவு உண்டு, மூச்சு உண்டு, சொல் உண்டு. துயரத்தை ஒருவர் தனியே சுமக்க விடுவதில்லை. பத்துப்பேர் தோள் கொடுத்துச் சுமக்கின்றனர். பறையொலியில் ஆடும் கால்களும் அவ்வாறே உடலின் இறுக்கத்தை அவிழ்க்கின்றன.

ஆனால் சாவுக்கு ஒப்பாரி உண்டு. அவமானத்திற்கு ஒப்பாரி இல்லை. கணவனை இழந்தவள் அழலாம். தேநீர்க்கடையில் தனிக்குவளை தரப்பட்டவன் எங்கே போய் அழுவது? வீட்டில் சொன்னால் தாய் வருந்துவாள். வெளியில் சொன்னால் நகைப்பார்கள். ஆடவன் அழக்கூடாது என்று வேறு நாம் கற்பித்துவிட்டோம். அழவேண்டிய இடத்தில் அவன் குடிக்கின்றான், அல்லது அடிக்கின்றான், அல்லது மௌனமாகின்றான்.

யாம் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வாரந்தோறும் தலைவலி. மருத்துவமனையில் ஆய்வு செய்தும் குறையில்லை என்றனர். பெற்றோர் மந்திரித்துக் கயிறும் கட்டினர். அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஒருவர் நாள்தோறும் மதிய உணவுக்குப் பின் 15 நிமிடம் அவனைப் புங்கமரத்தடியில் அருகிருத்திக்கொண்டார். எதையும் துருவிக் கேட்கவில்லை. சில நாள் விதை எண்ணினர். சில நாள் பேசாதிருந்தனர். மூன்றாவது வாரத்தில் அவனே சொன்னான். விடுமுறை நாட்களில் தந்தையோடு தறி வேலைக்குச் செல்லும் வீட்டில், அவன் வயதுப் பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சாதி சொல்லி அழைக்கின்றனர். தந்தை அதைக் கேட்டும் கேளாதவர் போல் குனிந்து நாடா தள்ளுகின்றார். முன்பணம் வாங்கிய கை அவருடையது. 'எங்கப்பா தலை குனியும்போது எனக்குத் தலை வலிக்குது சார்' என்று பின்னர் எம்மிடமும் அவன் சொன்னான். அதன்பின் நாம் தந்தையை அழைத்துப் பேசினோம். மகன் தறிக்கு வருவது நின்றது. விளையாட்டில் அவனைச் சேர்த்தோம். ஆசிரியை தம் 15 நிமிடத்தை ஆண்டு முடியும்வரை விடவில்லை. தலைவலி ஒரே நாளில் மறையவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது. அவன் படிப்பை நிறுத்தவில்லை என்பதே எமக்குப் பெரிது.

பட்டுத் தறியில் பிள்ளைகள் கொத்தடிமைகளாக உழைப்பதை, நம் காஞ்சியையும் சேர்த்து ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்னும் பன்னாட்டு மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டது. அன்று தறியடியில் அமர்ந்திருந்த பிள்ளைகள் இன்று பெற்றோராக நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய இளமைத் துயரை எவர் கேட்டனர்?

இளைஞர்களின் வினா

இவ்விடத்தில் நம் இளைஞர்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். 'ஐயா, எங்கள் துன்பத்திற்குக் காரணம் அநீதி. அநீதிக்கு மருந்து போராட்டமும் சட்டமும். நீங்களோ எங்களை நோயாளி ஆக்கி, மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்லி அமைதிப்படுத்தப் பார்க்கின்றீர்களே!' மிக நேர்மையான வினா இது. நாம் இதனை வரவேற்கின்றோம்.

இதற்கு விடை இது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் உள்ள கருவிகள். அவற்றை எக்காரணம் கொண்டும் கைவிடலாகாது. அநீதியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் சிகிச்சை சிகிச்சையே அன்று. அது மயக்க மருந்து. ஆனால் புகார் எழுதவும் கை நடுங்காதிருத்தல் வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் குரல் அடைக்காதிருத்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்கைத் தாங்கவும் இரவில் உறக்கம் வேண்டும். உடைந்த நெஞ்சோடு நெடுநாள் போராட இயலாது. காயத்திற்கு மருந்திட்டுக்கொள்பவன் களத்தை விட்டு ஓடுபவன் ஆகான். மறுநாளும் களத்திற்கு வருபவன் அவனே.

மணிமேகலை தன் பயணத்தின் முடிவில் வந்து சேர்ந்த ஊர் நம் காஞ்சி. பஞ்சத்தில் வாடிய இந்நகரில் அவள் முதலில் அமுதசுரபியால் பசி தீர்த்தாள். அதன் பின்னரே அறவண அடிகளிடம் அறம் கேட்டாள். உடலை விட்டு உள்ளத்தையும், உள்ளத்தை விட்டு உடலையும் தேற்ற இயலாது என்பதை இவ்வூர்க் கதையே நமக்குக் கற்பிக்கின்றது. கூலி உயர்வும் வேண்டும். குமுறலைக் கேட்கும் செவியும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

இனி, இச்சங்கத்தின் முன் நம் வேண்டுகோளை வைக்கின்றோம்.

முதலாவது, சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை, ஓர் அறையைச் செவிமடுக்கும் அறையாக ஒதுக்குதல் வேண்டும். அங்கே அறிவுரை வேண்டா; கேட்டல் போதும். அங்குச் சொல்லப்பட்டது அங்கேயே நிற்றல் வேண்டும். தெருவுக்கு வருதல் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உடனே உரியவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, நம் பட்டதாரிகளில் ஆணும் பெண்ணுமாக நால்வரைத் தேர்ந்து முறையான பயிற்சிக்கு அனுப்புதல் வேண்டும். பொறியியலுக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் உதவித்தொகை தரும் நம் சங்கம், உளவியலும் சமூகப்பணியும் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் தருதல் வேண்டும். நம் மொழியில், நம் தெருவை அறிந்த உளநல ஆற்றுநர் நம்மிலிருந்தே எழுதல் வேண்டும்.

மூன்றாவது, அரசு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு சங்கம் தொடர்பு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கடும் நோயுற்றோரைக் கோவிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் செல்வோரை நாம் இகழ வேண்டியதில்லை. வழிபாட்டோடு மருந்தையும் விடாதிருக்கச் சொல்லுவோம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அவ்வெண்ணை நம் வீட்டுச் சுவர்களிலும் விடுதிக் கதவுகளிலும் எழுதி வையுங்கள்.

நான்காவது, இளைஞர்களே, உங்களுக்கு. உங்கள் நண்பன் வழக்கத்திற்கு மாறாக மௌனமானால், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், வாழ்ந்து என்ன பயன் என்று பேசினால், விளையாட்டாக எண்ணிவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளராது, சுமை குறையும். அன்று இரவு அவனைத் தனியே விடாதீர்கள்.

பேசி மனத்துயர் தீர்க்கும் பணியைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று வழங்குகின்றனர். அழகிய சொல். சங்க காலத்தில் ஆற்றுப்படை என்பது ஓர் இலக்கிய வகை. வறுமை நீங்கிய பாணன், எதிரே வரும் வறிய பாணனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்குச் சொல்லி அனுப்புவது அதன் அமைப்பு. அவ்வகையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துவது. வழி சொன்னவன் மன்னனும் அல்லன், மாமுனிவனும் அல்லன். அதே பசியைப் பட்டவன். நம்முள் படித்து மேலே வந்தோர் ஒவ்வொருவரும் ஓர் அவமானத்தைக் கடந்தே வந்துள்ளோம். கடந்துவந்த வழியை அடுத்து வருபவனுக்குச் சொல்லும் கடன் நமக்கு உண்டு.

கடந்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது. அடுத்த 25 ஆண்டுகளில் அப்பிள்ளைகளின் நெஞ்சுக்குத் தெம்பையும் கொடுக்கட்டும். பொன்விழா மேடையில் செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது, செவிமடுக்கும் அறைக்கு வந்து துயர் தணிந்து படிப்பைத் தொடர்ந்தோர் இத்தனை பேர் என்னும் கணக்கும் அதில் ஏறட்டும்.